பிரவுனியோடு கடல் பார்க்கப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

பாளையங்கோட்டைக்கு வந்ததில் இருந்து நீயும் பிரவுனியும் மாடி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறீர்களாம். “இந்த ஊர்ல நாயைக் கூட்டிட்டுப் போக ஒரு இடமும் இல்ல” என்று நீ சொன்னதாக அக்கா போனில் சொன்னாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கிழக்கே ஐம்பது கிலோமீட்டரில் தூத்துக்குடி. அங்கிருந்து தெற்கே மணப்பாடு வரைக்கும் கடலும் மணலும்தான். காலையில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பாதே. அதில் பாதி இடத்துக்குள் நாயை விடமாட்டார்கள், மீதிப் பாதியில் கூட்டம். நாய்க்குப் பிடித்ததெல்லாம் அந்த இடங்களுக்கு நடுவில் கிடக்கிறது: ஆற்றங்கரை, உப்பளத்து ஓரம், வலை காயும் மணல். என் நாய் செவலையோடு போக ஆரம்பித்த பிறகுதான் நானே அங்கெல்லாம் இறங்கி நின்று பார்த்தேன். அதுவரைக்கும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

திருச்செந்தூர் பாசஞ்சரில் பிரவுனியை ஏற்றலாமா என்று கேட்டாயாமே. ரயிலில் நாய் உன்கூடவே வர வேண்டும் என்றால் முதல் வகுப்பில் தனி அறை எடுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கிற கூண்டுதான். பாசஞ்சரில் முதல் வகுப்புக்கு எங்கே போவது? உன் காரே போதும்.

நேரந்தான் முக்கியம். நாலரைக்குக் கிளம்பினால் விடிவதற்குள் தூத்துக்குடி. ஒன்பதுக்கெல்லாம் மணலை விட்டு ஏறிவிட வேண்டும். செவலை நாட்டு நாய், பத்து வரைக்கும்கூடத் தாங்குவான். பிரவுனி லாப்ரடார், அடர்ந்த முடி. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை இறக்கும். நம் பக்கத்து வெயில் வறண்ட வெயில், அதில் அந்த ஈரம் சட்டென்று காய்ந்து சூடு இறங்கிவிடும். கடலோரக் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அங்கே அவ்வளவு லேசில் இறங்காது. பாளையில் சும்மா சுற்றிவருகிற நாய் அதே வெயிலில் கடற்கரையில் தள்ளாடுவது இதனால்தான். மணல் சூடா என்று பார்க்கச் செருப்பைக் கழற்றிவிட்டு நில். உன்னால் நிற்க முடியவில்லை என்றால் அதனாலும் முடியாது.

தூத்துக்குடி ஊருக்குள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைதான் சரி. கடற்கரைச் சாலையில் பனிமய மாதா கோயிலைத் தாண்டி ரோச் பூங்கா வரை நடக்கலாம். கடல் இடப்பக்கம் அலையே இல்லாமல் கிடக்கும். ஜூலை 26 கொடியேறியதில் இருந்து ஆகஸ்ட் 5 திருவிழா வரைக்கும் மட்டும் அந்தப் பக்கம் நாயோடு தலைகாட்டாதே. திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள் வந்து ஏலம் நடக்கும்போது பார்க்க ஆசையாக இருக்கும்தான், ஆனால் அந்தக் கரை அங்கே இருக்கிற தெருநாய்களுடையது. வெளியூர் நாயைப் பார்த்தால் கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்ளும். காருக்குள் இருந்தபடியே பார்.

அப்புறம் திருச்செந்தூர் சாலையைப் பிடி. முள்ளக்காடு தாண்டினால் ரெண்டு பக்கமும் உப்பளம். மழைக்காலம் முடிந்து தை, மாசி வாக்கில் வேலை தொடங்கிவிட்டால் விடிவதற்கு முன்பே ஆட்கள் பாத்தியில் நிற்பார்கள். தண்ணீர் தேங்கின பக்கம் சில நாள் பூநாரையும் நிற்கும். சாலையோரம் நிறுத்திப் பார், ஆனால் வரப்பில் நாயை இறக்காதே. பாத்தியின் தரையை ஆட்கள் காலாலேயே மிதித்து மிதித்து இறுக்கி வைத்திருப்பார்கள். அப்படி இறுகினால்தான் உப்பு வாரும்போது மண் ஒட்டாமல் வெள்ளையாக வரும். நாய் ஒரு ஓட்டம் ஓடினால் போதும், அந்தப் பாத்தி கலங்கிவிடும். இதை எனக்குச் சொன்ன உப்பளத்து அம்மா தன் காலைத் தூக்கிக் காட்டினாள். பாதம் முழுக்க வெடிப்பு, அந்த வெடிப்புக்குள் உப்பு. நாயின் பாதத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் அதே எரிச்சல்தான்.

திரும்பும்போது முக்காணிக்கும் ஆத்தூருக்கும் நடுவில் தாமிரபரணிப் பாலம் வரும். எனக்குப் பிடித்த இடம் இதுதான். கடல் உப்பையும் மணலையும் ஆற்றில் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிப்போவேன். உப்பு முடியிலேயே காய்ந்தால் நாய் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கும். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கிறதா? அந்த வெள்ளம் போன ஆறு இது. கரையோரப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, நீளக் கயிற்றோடு இறக்கு. ஏரல் வழியாகத் திரும்பி வந்தால் வழியில் கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். கடல் பின்வாங்கிப் போனதால் இப்போது வயலும் வாழையுமாக நிற்கிறது. ஊருக்குள் ஒரு பழைய வன்னி மரம் உண்டு, நல்ல நிழல். பிரவுனி படுத்துக்கொள்ளும்.

மணப்பாட்டுக்கு இன்னொரு நாள் ஒதுக்கு. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாகத் திருச்செந்தூர் போய், நிற்காமல் தெற்கே போ. திருச்செந்தூர் கடற்கரையில் நாயோடு இறங்குவது வீண் வேலை. எந்நேரமும் குளித்துக்கொண்டிருக்கிற கூட்டம், பயந்து அலறுகிற பிள்ளைகள். பைரவருக்கு வாகனமாக நிற்கிறவனைக் கோயில் வாசலில்கூட விடவில்லையே என்று செவலைக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை விடு.

மணப்பாட்டில் மணல்மேடு ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் 1581இல் கட்டின திருச்சிலுவைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். மேட்டுக்கு ஒரு பக்கம் அலை அடிக்கும், மறுபக்கம் அடங்கிக் கிடக்கும். அடங்கின பக்கந்தான் பிரவுனிக்கு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், அப்போது போகாதே. மேட்டோரத்தில் இராவணன் மீசை வளர்ந்திருக்கும், ஊசி ஊசியான புல். பாதத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ஒரு காலையில் பெரியவர் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். கையளவு மீன் ஒன்று மணலில் விழுந்து, வயிறு பந்தாக உப்பியது. செவலை மூக்கை நீட்டுவதற்குள் அவர் குதிகாலால் குழி பறித்து அதை உள்ளே தள்ளி மூடிவிட்டார். “பேத்தை. தின்னா நாய் வீடு போய்ச் சேராது தம்பி” என்றார். விஷம் அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கிறது, முறிமருந்து கிடையாது. யாரும் வாங்காத மீன் என்பதால் கரையிலேயே எறிந்துவிடுவார்கள், காய்ந்தாலும் விஷம் போகாது. வலை உதறும் இடத்தில் கயிற்றைக் குட்டையாகப் பிடி. பிரவுனி வாயில் எதையாவது கவ்வி, அப்புறம் வாந்தி எடுத்தாலோ கால் தளர்ந்தாலோ, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவர் இருக்கிறாரோ அவரிடம் போ. எந்த ஊருக்குப் போனாலும் அங்கத்து மருத்துவர் நம்பரைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள். திருநெல்வேலி வந்துவிட்டால் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கடல் தண்ணீரையும் குடிக்க விடாதே, வயிறு கலக்கிவிடும். வீட்டுத் தண்ணீர் நிறையக் கொண்டு போ. காயப்போட்ட கருவாட்டுப் பக்கம் லாப்ரடாரை நம்பவே நம்பாதே. அது அங்கே ஒரு பெண்ணின் ஒரு வாரச் சம்பாத்தியம்.

திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள். நேரம் இருந்தால் காயாமொழிப் பக்கம் தேரிக்காட்டையும் பார்க்கலாம். சிவந்த மணல் மேடு மேடாக, நடுவில் பனையும் முந்திரியும். அங்கே செவலையை அவிழ்த்துவிட மாட்டேன். முயலைக் கண்டால் பறந்துவிடுவான், அவன் நிறமும் மணல் நிறமும் ஒன்று, பத்தடி தள்ளி நின்றாலே தெரியாது. பிரவுனிக்கும் அதே கதிதான்.

வருகிற ஞாயிறு நான் தூத்துக்குடி போகிறேன், மக்ரூன் வாங்கிவரச் சொல்லி உன் அத்தை உத்தரவு. நீயும் வருவதென்றால் சனிக்கிழமை ராத்திரியே சொல்லிவிடு. தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள், கழுத்துப்பட்டையில் உன் போன் நம்பரை எழுது. பின்சீட்டில் விரிக்கப் பழைய போர்வை அக்காவிடம் இருக்கும், கேட்டு வாங்கி வை.

அன்புடன்,
மாமா