பீவருக்குக் கால்பொறி வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒன்ராரியோவில் ஹலிபேர்ட்டன், கவார்த்தா பக்கம் காணி வாங்கியிருக்கும் நம்மவர்களுக்காகத் தங்கள் பத்திரிகையில் வந்த, நீரில் வாழும் பெரிய கொறிவிலங்கான பீவர் பற்றிய கட்டுரையைப் படித்தோம். மரம் வெட்டுவது, அணை கட்டுவது, மதகை அடைத்துப் பாதையை வெள்ளத்தில் ஆழ்த்துவது பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் "கடையில் கிடைப்பதில் பெரிய, இறுக்கமான கால்பொறியாகப் பார்த்து வாங்கிக் கரையோரம் வையுங்கள்" என்ற வரி திருத்தப்பட வேண்டியது. அப்படிச் செய்தால் விலங்கு வதைபடும், செய்தவர் சட்டத்தில் மாட்டுவார், பீவரும் பெரும்பாலும் தப்பிவிடும்.

முதலில் சட்டம். ஒன்ராரியோவில் விலங்கின் காலையோ உடலையோ பற்றும் பொறி எதையும் வைக்கப் பொதுவாகப் பொறிவேட்டை உரிமம் வேண்டும். உரிமம் எடுப்பதற்கு முன் அதற்கான பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். தன் நிலத்தைக் காக்கும் விவசாயிக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. வார இறுதியில் மட்டும் வந்து போகிற கொட்டேஜ் (விடுமுறை வீடு) உரிமையாளர் தன்னை விவசாயி என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 1997இல் செய்துகொண்ட மனிதநேயப் பொறி உடன்பாட்டுக்குப் பிறகு, பீவரைக் கால்பொறியால் பிடிப்பதென்றால் அதை நீருக்குள் மூழ்கடிக்கும் அமைப்போடு சேர்த்தே பிடிக்க வேண்டும். காலைக் கவ்வும் தாடைகளில் பல் வைத்த பொறிக்கு இங்கே இடமே இல்லை.

எந்தப் பொறி என்று கேட்பதற்கு முன், எந்தக் காலைப் பிடிக்கப்போகிறோம் என்று முடிவுசெய்ய வேண்டும். பீவரின் முன்கால் சிறியது, எலும்பும் மெல்லியது. முன்காலில் பிடிபட்ட பீவர் உடம்பை முறுக்கி முறுக்கிக் காலை இழந்தாவது தப்பிவிடும். பின்பாதம் 15 முதல் 18 சென்டிமீற்றர் நீளம், விரல்களுக்கிடையே சவ்வு, மேலே தடித்த கணுக்கால். அங்கே பிடித்தால்தான் பிடி நிற்கும். ஆகவே பின்காலைக் குறிவைத்தே பொறியைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் எங்கள் ஆலோசனை.

பீவர் கரைக்கு வரும் விதத்தைக் கவனித்தால் இது புரியும். நீந்தும்போது முன்கால்களை நெஞ்சோடு மடக்கிவைத்து, பின்கால்களால் மட்டும் உதைத்து வரும். நெஞ்சு அடிமண்ணைத் தொட்ட பிறகுதான் பின்கால்களைக் கீழே ஊன்றும். அது ஊன்றும் இடத்தில் நீர் ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீற்றர் ஆழம் இருக்கும், பொறி அங்கேதான் இருக்க வேண்டும். வழியின் நட்டநடுவிலும் வைக்கக் கூடாது. நடுவில் நெஞ்சும் வயிறும் உரசிப் போகும், கால்கள் இரு பக்கமும் விலகியிருக்கும். காலையில் போய்ப் பார்க்கும்போது பொறி மூடிக்கிடந்து, தாடைக்குள் ஒரு கொத்து மயிர் மட்டும் இருந்தால் காரணம் இதுதான். பொறியின் தட்டை, அதாவது மிதித்ததும் பொறியை மூடவைக்கும் பகுதியை, நடுக்கோட்டிலிருந்து ஒரு கையகலமாவது இடமோ வலமோ தள்ளிவையுங்கள். கரையை ஒட்டி, கணுக்கால் நனையும் ஆழத்தில் வைத்தால் முன்கால்தான் மாட்டும். உங்கள் கட்டுரை சொன்னது அந்த இடத்தைத்தான்.

இனி அளவு. நரிக்கும் ரக்கூனுக்கும் விற்கும் ஒன்றரை, இரண்டாம் இலக்கப் பொறிகள் பின்பாதத்துக்குப் போதாது. தாடை விரல்களையும் சவ்வையும் மட்டும் கவ்வும், ஓர் இழுப்பில் வழுக்கிவிடும். நான்காம், ஐந்தாம் இலக்கமே பொருத்தம். மூன்றாம் இலக்கம் வலுவான வில்லோடு இருந்தால் ஏற்கலாம். ஆனால் இந்த இலக்கங்களுக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. ஒரு கொம்பனியின் நான்கு இன்னொன்றின் மூன்றுக்குச் சமமாக இருக்கும். அதனால் அளவுநாடாவோடு கடைக்குப் போங்கள். விரித்த நிலையில் தாடைகளின் உட்புற இடைவெளி ஆறரை அங்குலத்துக்குக் குறையாமல், ஏழு அங்குலத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி.

நீள்வில் பொறியா, சுருள்வில் பொறியா என்பது அடிமண்ணைப் பொறுத்தது. இரட்டை நீள்வில் பொறி கனமானது, இளகிய சேற்றிலும் ஆடாமல் கிடக்கும். ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் வில்களுக்கு நிறைய இடம் வேண்டும். நான்கு சுருள்வில் கொண்டது கச்சிதமாக இருப்பதால், கரையில் வெட்டிய சிறிய படியிலும் அடங்கும். எங்களுக்குச் சுருள்வில்தான் விருப்பம், வாங்கும்போது சோதிப்பதும் எளிது. மூடிய தாடைகளுக்கிடையே விரல் தடிமனான ஒரு குச்சியைக் கொடுத்துப் பாருங்கள். வில்கள் உயர்த்தும் நெம்புகோல்கள் அப்போதும் மேலேறி இறுக்கிப் பிடிக்க வேண்டும். குச்சி தளர்ந்து ஆடினால் அந்தப் பொறியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பிறகு தட்டு மட்டமாக நிற்கிறதா, விரித்த தாடையைப் பிடித்துவைக்கும் கொண்டி சுத்தமாக விடுபடுகிறதா, சங்கிலியின் சுழலிகள் தடையில்லாமல் சுழல்கின்றனவா என்று பாருங்கள். சங்கிலி வளையங்கள் பற்றவைத்தவையாக இருக்கட்டும். வெறுமனே வளைத்துவிட்ட கொக்கியை 25 கிலோ பீவர் ஒரே இரவில் நிமிர்த்திவிடும். புதுப் பொறியில் உள்ள எண்ணெயைச் சலவைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்துப் போக்கினால் போதும். நீரில் வைக்கும் பொறிக்கு மெழுகு தேவையில்லை.

பொறி பாதி வேலைதான், மீதிப் பாதி பீவரை மூழ்கடிக்கும் கம்பிவடம். இதைக் கட்டுரை தொடவே இல்லை. கரையிலிருந்து ஆழத்துக்கு மூன்று முதல் நான்கரை மீற்றர் உருக்கு வடம் ஒன்றை இழுக்க வேண்டும். கரை முனையை முக்கால் மீற்றர் இரும்புக் கம்பியில் கட்டிக் கம்பியை முழுக்க அறைந்துவிடுங்கள். ஆழ முனையில் 20 கிலோவுக்குக் குறையாத மணல்மூட்டையோ கல்லோ வேண்டும். பொறியின் சங்கிலி ஒருவழிப் பூட்டு வழியாக இந்த வடத்தில் ஓடும். பூட்டு என்பது துளையிட்டு மடித்த சின்ன இரும்புத் துண்டுதான். ஆழத்தை நோக்கி வழுக்கிப் போகும், திரும்பி வரப் பார்த்தால் வடத்தைக் கடித்து நிற்கும். பிடிபட்ட பீவர் பயந்து ஆழத்துக்குத்தான் பாயும். பூட்டு அதை அங்கேயே நிறுத்திவிடும்.

இங்கே நடக்கும் பிழைகள் எல்லாமே விலங்கை வதைக்கும் பிழைகள். பூட்டைத் தலைகீழாகக் கோத்துவிடுவார்கள். பொறி வைக்குமுன் கையால் இரு பக்கமும் இழுத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். வடம் தொய்ந்திருந்தால் பூட்டு நடுவழியில் சிக்கும். வழியில் வேரோ அடிக்கட்டையோ இருந்தால் பீவர் அதைச் சுற்றிக்கொண்டு மூக்கை நீருக்கு மேலே வைத்தபடி இரவு முழுக்கத் துடிக்கும். அதனால் பாதையைக் கையால் தடவிச் சுத்தப்படுத்துங்கள். வடம் முடியும் இடத்தில் ஆழம் ஒன்றேகால் மீற்றருக்குக் குறையக் கூடாது. பொறிச் சங்கிலியை ஒரு சாணுக்கு மேல் விடாதீர்கள், நீண்டால் பீவருக்கு மேற்பரப்பு எட்டிவிடும். அணையை உடைத்தபின் நீர்மட்டம் இறங்கும், நேற்றைய ஆழம் இன்று இருக்காது. ஒவ்வொரு நாள் காலையிலும் போய்ப் பார்க்க முடியாதவர் பொறி வைக்கவே வேண்டாம்.

அந்த ஆழம் இல்லாத ஓடையில் கால்பொறி கூடாது. அணை உடைப்பு, ஒடுங்கிய நீர்வழி, பனிக்கட்டிக்கு அடியில் உள்ள வாசல் போன்ற இடங்களுக்கு உடலை நெரித்துக் கொல்லும் 330 வகைப் பொறிதான் ஏற்றது. கால்பொறி உதவுவது, பீவர் எந்தப் பக்கமும் விலகிப் போகக்கூடிய அகன்ற கரையில், அது வழக்கமாக ஏறும் இடத்தில். வசந்தத்தில் அது சேற்றைக் குவித்து மணமிடும் மேடுகளுக்கு முன்னாலும் நன்றாக உதவும். இரண்டு வகையிலும் நீர்நாய் மாட்டக்கூடும், நாய்கள் குளிக்கும் கரையில் நாயும் மாட்டும். மூழ்கடிக்கும் அமைப்பில் பிடிபட்ட நாயைக் காப்பாற்ற நேரம் இருக்காது.

மதகு அடைபடுவது மட்டுமே பிரச்சினை என்றால் பொறியே வேண்டாம். மதகின் வாயிலிருந்து விலக்கிப் பெரிய சுற்றளவில் கம்பிவேலி அடித்து, அணை ஊடாக நீர் வடியும் குழாய் பதித்தால் வருடக்கணக்கில் தாங்கும். பீவரைப் பிடித்து வெறுமையாக்கிய குளத்துக்கு அடுத்த வசந்தத்தில் புதுச் சோடி ஒன்று வந்துவிடுவது வழக்கம்.

இலையுதிர்காலப் பொறிவேட்டைப் பருவம் திறக்குமுன் இந்தத் திருத்தத்தை, குறிப்பாக ஆழத்தையும் வடத்தையும் பற்றிய பகுதியைச் சுருக்காமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொறிவேட்டை உரிமம் உள்ள வாசகர்கள்,
ஒன்ராரியோ