காணிக்கைக்கு முன்னால் தம்பி

ஆசிரியருக்கு வணக்கம். சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட உடன்பிறப்புகளுக்காக எழுதுகிறேன். அப்பா வீட்டுக் கிணற்றடிப் பாதைக்காக நானும் தம்பியும் 2 வருடம் பேசவில்லை. ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும்போது எல்லாருக்கும் கைகூப்புவேன், அவன் பக்கம் மட்டும் திரும்ப மாட்டேன்.

காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5). போன மாதம் அதை வாசிக்கக் கேட்டதும் நெஞ்சு தாங்கவில்லை. காணிக்கைக்கு எடுத்த 100 ரூபாயை முந்தானையிலேயே முடிந்துகொண்டேன். தூக்குவாளியில் பால் பணியாரத்தோடு அவன் வாசலில் நின்றேன். "ஏங்க, உங்க அக்கா வந்திருக்காக" என்று தம்பி மனைவி உள்ளே குரல் கொடுத்தாள். அவன் வந்தான், பேசவில்லை. வாளியை வாங்கும்போது கை நடுங்கியது.

பாதை விஷயம் இன்னும் தீரவில்லை. சரி, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஒரு வாசகி,
தேவகோட்டை