தாத்தாவின் ரைபிளைப் பார்த்துவிட்டு வந்தேன்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். மூன்று நாளாக அடைமழை. கெடிலத்தில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் பயப்படும்படி இல்லை.

போன வாரம் போனில் நீ கேட்டாயே, "தாத்தா துப்பாக்கி என்னப்பா விலை போகும், வித்துடலாமே" என்று. அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பார்க்காத பொருளுக்கு எப்படி விலை சொல்வது? பங்குனியில் தாத்தா போனதும் லைசென்ஸ் புத்தகத்தை ஒப்படைத்தோமே தவிர, துப்பாக்கிக் கடையில் டெபாசிட்டாகக் கிடந்த ரைபிளை நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்திருக்கவில்லை. வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். உன் அத்தையும் நானும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உனக்கும் தெரிய வேண்டும்.

கடைக்காரர் முன்னால், அவர் மேசையில்தான் பார்க்க முடியும். வாரிசு என்றாலும் லைசென்ஸ் இல்லாத நான் அதைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டக் கூடாது. முதல் காரியமாக மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியை, கழற்றினார், குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பின்னால் இழுத்தார், தோட்டா அமரும் அறையைக் கண்ணால் பார்த்துவிட்டு விரலையும் விட்டுப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக அவர் கடையிலேயே கிடந்த சாமான், காலி என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்தார். எனக்கு அந்த மனுஷன் மேல் அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

இது .315 ரைபிள், அந்த எண் குழலின் அளவு, அங்குலத்தில். கொல்கத்தா பக்கத்தில் இச்சாப்பூர் அரசாங்கத் தொழிற்சாலையில் செய்தது. தாத்தா 1978-ல் வாங்கினார், பில் இன்னும் இருக்கிறது. ராணுவம் வைத்திருந்த .303 தோட்டா பொதுமக்களுக்குக் கூடாது என்பதால், ராணுவத்தின் அதே லீ என்ஃபீல்டு ரைபிள் அமைப்பில் அளவை மாற்றிச் செய்து விற்றார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் தனியாக இருந்த மனுஷனுக்குத் தற்காப்புக்காகக் கொடுத்த லைசென்ஸ். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார், நினைவிருக்கிறதா?

உறையிலிருந்து வெளியே எடுத்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இடப்பக்கம் முழுக்கத் துரு. குழலின் நடுவிலிருந்து மேகசின் வரைக்கும் செம்மண் அப்பினாற்போல. வலப்பக்கம் கருநீலப் பூச்சு அப்படியே பளபளக்கிறது.

காரணம் எனக்கு உடனே தெரிந்துபோயிற்று பாப்பா. அந்த உறை நான் வாங்கிக் கொடுத்தது. 1994-ல் போனஸ் பணத்தில் திருப்பாப்புலியூரில் சொல்லித் தைக்க வைத்தேன். நல்ல தடித்த தோல், உள்ளே மஞ்சள் கம்பளித் துணி. அப்பாவுக்கு நான் வாங்கித் தந்த பெரிய பொருள் அதுதான். தோல் ஈரத்தை இழுத்து வைக்கும், பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் அதிலேயே இருக்கும், இரும்பை நாள்கணக்கில் அதற்குள் வைக்கவே கூடாது என்று நெய்வேலியில் அத்தனை வருஷம் லேத்தில் நின்ற எனக்குத் தோன்றவில்லை. பிறகு 2011 டிசம்பர் 30, தானே புயல். தோப்பு வீட்டு ஓடு பறந்து, மழை நேராகச் சுவரில் தொங்கிய உறைமேல் விழுந்தது. முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்த அந்த நேரத்தில் நான் உறையை வெயிலில் போட்டேன். மேல்தோல் காய்ந்தது, ரைபிளை மறுபடி அதற்குள் வைத்தேன். உள்ளே இருந்த கம்பளி காயவே இல்லை. தாத்தாவுக்குக் கண் புரை முற்றிய காலம், அவராலும் பார்க்க முடியவில்லை. மறு வருஷக் கடைசியில் கடையில் டெபாசிட் வைத்தபோதும் "உறையோடவே வைங்க, பத்திரமா இருக்கும்" என்று சொன்னவன் நான்தான்.

துருவில் இரண்டு வகை. மேலோட்டமாகப் படர்ந்தது எண்ணெய் விட்டு ஊறவைத்துச் செப்புக் காசால் தேய்த்தால் வந்துவிடும். செம்பு எஃகைவிட மெது, பூச்சை அவ்வளவாகக் கீறாது. இன்னொன்று உலோகத்தைத் தின்றுவிட்டுக் குழி விட்டுப் போவது. கடையின் ரிப்பேர்காரர் தேய்த்துக் காட்டினார். பாதி போயிற்று. மீதி இடத்தில் நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. அந்தக் குழி இனி ஆறாது. மரக்கட்டையையும் கழற்றச் சொன்னேன், ஏனென்றால் மரத்துக்கும் குழலுக்கும் நடுவே இறங்கிய தண்ணீர் வெளியிலிருந்து தெரியாது. அங்கேயும் ஒரு வரி துரு இருந்தது, ஆனால் ஆழமில்லை. ஸ்க்ரூத் தலைகளின் வெட்டு புதுசு மாதிரி இருக்கிறது. இதுவரை யாரும் கண்டபடி கழற்றவில்லை என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். கட்டையில் பிடி மெலிந்து வரும் இடத்தில்தான் விரிசல் விடுமாம். விடவில்லை.

இனி உள்ளே. இதற்காகத்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போல்ட்டை உருவிவிட்டு, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்த்தேன். ஒரே இருட்டு. எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். "அவசரப்படாதீங்க சார், பழைய கிரீஸ் கட்டியா கிடக்கு, துடைக்காம குழலைப் பத்திப் பேசக் கூடாது" என்றார் ரிப்பேர்காரர். வாய்ப்பக்கம் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார். அப்படி அடைத்துக் கிடப்பது தெரியாமல் சுட்டால் குழல் வெடித்துவிடும். பிறகு தாத்தாவின் துடைக்கும் கோலிலேயே துணி சுற்றி விட்டோம். முதல் துணி பழுப்பு, அடுத்தது கறுப்பு, ஏழெட்டுத் துணிக்குப் பிறகு வெள்ளையாகவே திரும்பி வந்தது. மறுபடி பார்த்தேன். பாப்பா, கண்ணாடி! சுழன்று போகும் வரிகள் ஒவ்வொன்றும் ஓரம் கூராக, முனை வரைக்கும் ஒரே மாதிரி. கோலைத் தள்ளும்போது கை எங்கேயும் சட்டென்று லேசாகவில்லை. குழல் ஓரிடத்தில் புடைத்திருந்தால் அங்கே கோல் வழுக்கி ஓடும், பார்வைக்கும் கருவளையம் தெரியும். வாயின் விளிம்பில் பஞ்சைச் சுற்றி இழுத்தேன், ஒரு இழைகூட மாட்டவில்லை.

எப்படி என்று ரிப்பேர்காரர் ஆச்சரியப்பட்டார். எனக்குத் தெரியும். அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில், ஊசி தட்டினால் தீப்பிடிக்கும் பொட்டு மருந்து வெடித்தால் குழலுக்குள் உப்பு தங்கும். காற்று ஈரத்தைக் குடித்து இரண்டு மூன்று நாளில் துரு கட்டிவிடும், அதுவும் நம் கடலோரக் காற்றில் கேட்கவே வேண்டாம். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். தாத்தா வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் சுடுவார். சுட்ட அன்றைக்கு எத்தனை மணியானாலும் பாட்டி அடுப்பில் செம்பு நிறைய வெந்நீர் கொதிக்கும். குழலுக்குள் ஊற்றுவார், சூட்டிலேயே உலரவிடுவார், துணி விட்டு எண்ணெய் போடுவார். அதற்குப் பிறகுதான் இலை போடச் சொல்வார். பாட்டி முனகிக்கொண்டே விறகைத் தள்ளுவதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! பள்ளிக்கூடத்துப் பையன் அதைப் பிடிவாதம் என்று சொன்னால் பரவாயில்லை. வளர்ந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போல்ட் எண்ணும் உடல் எண்ணும் ஒன்றே. வேறு ரைபிளின் போல்ட் மாட்டியிருந்தால் அதை நம்பவே கூடாது. மூடிய போல்ட்டுக்கும் தோட்டாவின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை கேஜ் வைத்துப் பார்த்தார்கள். நான் லேத்தில் நாள் முழுக்கப் பிடித்த அதே கோ, நோ-கோ முறைதான். ஒன்று போக வேண்டும், மற்றது போகக் கூடாது. சரியாக இருந்தது. பெட்டியில் தாத்தாவின் எட்டுத் தோட்டா பாக்கி. பித்தளையில் பச்சை பூத்திருக்கிறது, ஒன்றில் கழுத்து விரிசல். அவற்றைச் சுட்டுப் பார்க்கும் பேச்சே கூடாது என்று தனியாக ஒப்படைக்கச் சொல்லிவிட்டேன்.

விலைக்கு வருகிறேன். கடைக்காரர் இருக்கிற நிலையில் முப்பதாயிரம் என்றார். மெருகுபோட்டுப் புதுப் பூச்சு கொடுத்தால் நாற்பத்தைந்து வரை கேட்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். குழியை மறைக்கும் அளவுக்குச் சக்கரத்தில் தேய்த்தால் முத்திரையும் எழுத்தும் மழுங்கும், எண் அழிந்தால் அது சட்டப்படியே குற்றம். வாங்குகிறவன் துருவைப் பார்த்தே வாங்கட்டும். வெளிநாட்டு பி.எஸ்.ஏ. மாதிரி இருந்தால் கதை வேறு. எண்பதுகளின் நடுவில் இறக்குமதி நின்றதிலிருந்து அதற்கெல்லாம் தனி மவுசு. நம்முடையது அந்த வகை இல்லை. அதோடு 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது. முன்னே மூன்று வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கைவிட வேண்டி வந்தது. விற்கிறவர் கூடி, வாங்குகிறவர் குறைந்த சந்தை இது. தாத்தா இதை "லட்ச ரூபா பொருள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது உன் காதிலும் இருக்கும். அவ்வளவு இல்லை.

முந்திரி விவசாயி ஒருவர், இதே அளவுக்கு லைசென்ஸ் உள்ளவர், வெள்ளிக்கிழமை வந்தார். இடப்பக்கத் துருவைப் பார்த்து முகம் சுளித்தார். குழலுக்குள் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்துவிட்டு முப்பத்தெட்டு தருகிறேன் என்றார். சுட்டால் எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று கேட்டேன், கோபப்படாமல் பதில் சொன்னார். அவருக்கே கொடுக்கலாம் என்று எனக்கும் அத்தைக்கும் எண்ணம். அனுமதிக் காகிதம் வந்த பிறகுதான் கை மாறும். நீயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க வழியிருக்கிறது, இந்த வாரத்துக்குள் சொல். வேண்டாம் என்றாலும் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடு. உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

துடைக்கும் கோலை மட்டும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பித்தளை முனை, தாத்தா கட்டைவிரல் வைக்கும் இடம் தேய்ந்து பள்ளமாக இருக்கிறது. பாட்டியின் வெந்நீர்ச் செம்பு பரணில் கிடந்தது, அதையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள் அம்மா. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி.

அன்புடன்,
அப்பா