வழிக்காவலுக்குக் காத்திருக்கும் நோயாளிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிறை மருத்துவம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மருத்துவர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதே முதலில் சொல்லப்படுகிறது. அது ஒரு குறைதான். ஆனால், ஓர் அரசு மருத்துவமனையின் கைதிகள் வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய நான் கண்ட பெரிய தடை வழிக்காவல். சிறை மருத்துவர் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தாலும், அழைத்துவர ஆயுதப்படை போலீசார் கிடைத்தால்தான் கைதி வாசலைத் தாண்ட முடியும். திருவிழா, தலைவர்கள் வருகை என்று பந்தோபஸ்து வேலை வந்துவிட்டால் அன்றைய ஸ்கேன் தள்ளிப்போகும். மறுபடி தேதி வாங்க வேண்டும். சர்க்கரை நோயால் காலில் புண் வந்த விசாரணைக் கைதி ஒருவரின் ஓ.பி. சீட்டில் குறித்திருந்த நாளுக்கும் அவர் வந்து சேர்ந்த நாளுக்கும் இடையே ஏழு வாரங்கள் ஓடியிருந்தன. கட்டைப் பிரித்தபோதே நாற்றம் எடுத்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் மீதான வழக்கு அப்போது விசாரணைக்கே வந்திருக்கவில்லை.

உடல்நலமில்லாத கைதியைப் பற்றித் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்து 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டமே சொல்கிறது. ஆயினும், விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்த, திருச்சிப் பகுதியில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, பார்க்கின்சன் நோயால் கை நடுங்குவதால் தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த குவளை வேண்டும் என்று 2020இல் நீதிமன்றத்தில் கேட்க வேண்டியிருந்தது. 2021 ஜூலையில், ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, 84 வயதில் அவர் இறந்தார். நோயாளிக்கு என்ன தேவை என்பதைக் காவல் பொறுப்பில் உள்ளவர்கள் முடிவுசெய்யும்வரை இந்த நிலை மாறாது. நார்வே 1988இலும், பிரான்சு 1994இலும், இங்கிலாந்து 2006க்குள்ளும் சிறை மருத்துவத்தைப் பொதுச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்துவிட்டன.

இங்கும் அப்பொறுப்பு முழுவதையும் மக்கள் நல்வாழ்வுத் துறையே ஏற்க வேண்டும். காணொலி வழி ஆலோசனை பயனுள்ளதுதான் என்றாலும், புண்ணைத் திரை வழியாகக் கழுவிக் கட்ட முடியாது. எனவே, மருத்துவமனைப் பயணத்துக்கென்றே ஒவ்வொரு மத்திய சிறைக்கும் தனி வழிக்காவல் அணி தேவை. அதற்கு நாளாகும் என்றால், தள்ளிப்போன ஒவ்வொரு சிகிச்சையையும் அதன் காரணத்தோடு பதிவேட்டில் எழுதி, மாதந்தோறும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும்படி அரசு இப்போதே உத்தரவிடலாம். அதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சி