1949-ல் ஏது இந்த ‘லை’?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வரலாற்று நூல்களைச் சேகரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: “உள்ளே முதற்பதிப்பு என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்கினால் போதும்.” இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் நாற்பது வருஷத்தை வீணடித்துவிட்டேன்.

பக்கத்திலேயே ஒரு படம். தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’. “1949-ல் வெளிவந்த முதற்பதிப்பு” என்று கீழே குறிப்பு. தலையணை கனத்தில் ஒரே புத்தகம், அட்டையில் ‘மூன்று பகுதிகளும் சேர்ந்தது’ என்று வேறு இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1949-ல் வெளியிட்டது முதல் பகுதியை மட்டும். இரண்டாம் பகுதி 1951-ல் வந்தது. மூன்றாம் பகுதி வந்ததோ 1961-ல், பண்டாரத்தார் காலமான மறு வருஷம். தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடவில்லை.

சரி, வருஷம் யாருக்கும் மறக்கும். கண்ணுக்குத் தெரிவது? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆசிரியர் பெயருக்குக் கீழே ‘அண்ணாமலைப் பல்கலைக்கழகம்’ என்று இருக்கிறது. அந்த ‘அண்ணாமலை’ ஒன்றே போதும். ‘ணா’வும் ‘லை’யும் இன்று நாம் எழுதுகிற வடிவம். 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்த பிறகுதான் இவை பரவலாக அச்சேறின. பெரியாரின் ஏடுகள் 1935-லேயே மாறிவிட்டன, அது தனிக்கதை. தும்பிக்கை தூக்கிய பழைய ‘லை’ இல்லாமல் 1949-ல் ஒரு பல்கலைக்கழக நூலா?

அரசு நாட்டுடைமை ஆக்கிய பிறகு பண்டாரத்தாரின் நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நல்லதுதான், நூல் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் தாங்கள் போட்ட வருஷத்தைப் போட்டு ‘முதற்பதிப்பு’ என்கிறார்கள். ஒரு புத்தகக் காட்சியில் ஒரு பதிப்பாளரிடம் கேட்டேன். “எங்களுக்கு இது முதல் பதிப்புதானே சார்” என்றார். பழைய முகவுரை எங்கே என்றேன். பக்கம் கூடுகிறதாம். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்துப் புத்தகங்களில் தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் முதற்பதிப்பு எப்போது, மறுபதிப்புகள் எப்போது என்று வரிசையாக நிற்கும். அதற்கும் பக்கம் கூடிவிடவில்லை.

நானும் ஏமாந்தவன்தான். இதே நூலின் முதல் பகுதியைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கி, முதற்பதிப்பு என்று பதினொரு வருஷம் பெருமையாகப் பீரோவில் வைத்திருந்தேன். விவரப் பக்கத்தில் நூலக முத்திரைக்கு மேல் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. கிழிசலுக்குப் போட்ட ஒட்டு என்றே நினைத்தேன். ஒரு மழைக்காலத்தில் அதன் ஓரம் தூக்கிக்கொண்டது. ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். அடியில் கொட்டை எழுத்தில் ‘இரண்டாம் பதிப்பு’. கடைக்காரரிடம் போய்க் கேட்டால், “உள்ளே விஷயம் ஒண்ணுதானே?” என்கிறார். புதுக் கல்வெட்டு கிடைத்தால் அடுத்த பதிப்பில் ஓர் அரசனின் ஆட்சியாண்டே மாறிவிடும் என்று அவருக்கு யார் சொல்வது.

அதன் பிறகுதான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். விலை ‘ந.பை.’ (நயா பைசா) என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்க முடியாது. பதிப்பக முகவரியில் ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன்னால் போகாது. தாளின் பின்புறம் விரலால் தடவினால் அச்சுக்கோத்த எழுத்து முள்முள்ளாகத் தட்டுப்படும். பின்னால் வந்த ஆப்செட் அச்சில் வழவழவென்றிருக்கும். இதில் எதற்கும் ஆராய்ச்சிப் பட்டம் வேண்டாம்.

இதையெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்பே, வேறொரு கட்டுரையை ஒட்டி எழுதியிருந்தேன். தாங்கள் அன்போடு பிரசுரித்தது “கட்டுரை அருமை” என்ற என் முதல் வாக்கியத்தை. அடுத்த வாக்கியம் ‘ஆனால்’ என்று தொடங்கியது.

நான் கேட்பது இவ்வளவுதான். படக் குறிப்பில் ‘முதற்பதிப்பு’ என்பதை ‘மறுபதிப்பு’ என்று திருத்தி, அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். கடைசிப் பக்க மூலையில் பொடி எழுத்தில் வந்தாலும் சரி. இடம் போதாவிட்டால் இந்த முறை கடிதத்தின் முன்பாதியை வெட்டிக்கொள்ளுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்