தையல் ஆறியது, பிளாஸ்டர் ஒட்டிய இடம் ஆறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த சித்திரை மாதத்தில் என் தாயாருக்குக் கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்கு வயது 63. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்து வருபவர். தையல் மருத்துவர் சொன்ன நாளிலேயே ஆறிவிட்டது. அதன் பிறகும் மூன்று வாரங்கள் அவரை உறங்கவிடாமல் வருத்தியது, தையலுக்கு இருபுறமும் பிளாஸ்டர் ஒட்டியிருந்த தோல்தான். இதே துன்பத்தை எங்கள் பாலக்கோடு பகுதியில் வேறு சில வீடுகளிலும் பின்னர் கேட்டறிந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் அரிப்பு தொடங்கியது. வீட்டுக்கு வந்தபோது பிளாஸ்டரின் விளிம்பை ஒட்டிச் சிறு கொப்புளங்கள் இருந்தன. பார்க்க வந்த உறவினர்கள் அனைவரும் ஒரே குரலில் சொன்னது, ஏதோ கரப்பான் பண்டம் சாப்பிட்டிருக்கிறார் என்பதுதான். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை, முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் அம்மா ரசச் சோறு மட்டுமே உண்டார். புண் ஆறுவதற்குப் புரதம் மிகுதியாகத் தேவைப்படும் நாட்களில் அதைத்தான் நாங்கள் அவருக்குக் கொடுக்காமல் இருந்தோம். அன்று அன்பு என்று நினைத்துச் செய்த அந்தத் தவறு இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. ஒட்டியிருந்த பிளாஸ்டரின் மீது எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. செவிலியரிடம் சொல்லலாம் என்றபோது, “உயிரைக் காப்பாற்றியவர்களிடம் போய் அரிக்கிறது என்று சொல்வதா?” என்று அம்மா தடுத்துவிட்டார்.

கட்டு மாற்றுவதற்காக அருகிலுள்ள ஊரில் ஒரு சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். மெதுவாக எடுத்தால் வலிக்கும் என்று கூறி, அங்கிருந்தவர் பிளாஸ்டரை ஒரே இழுப்பில் உரித்தார். தோலின் மேற்படலமும் அதனோடு வந்துவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்து நீர் கோத்த அந்த இடத்தில்தான், உரிக்காமல் இருந்திருந்தால் வந்திருக்காத எரிச்சல் தொடங்கியது.

பின்னர் பார்த்த தோல் மருத்துவர் பொறுமையாக விளக்கியவற்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். பிளாஸ்டரால் வரும் பாதிப்பு ஒரே வகையானது அன்று. ஒட்டிய இடத்தின் அளவுக்குள்ளேயே, கோடு போட்டதுபோல் சிவந்திருந்தால், அது பெரும்பாலும் வியர்வையும் ஈரமும் உராய்வும் சேர்ந்து உண்டாக்கிய எரிச்சலாக இருக்கும். ஒட்டி ஓரிரு நாட்கள் கழித்துத் தொடங்கி, பிளாஸ்டரின் எல்லையைத் தாண்டிப் பரவி, கடும் அரிப்போடும் சிறு நீர்க்கொப்புளங்களோடும் வந்தால், அது ஒவ்வாமையாக இருக்கலாம். வெள்ளைத் துணி பிளாஸ்டர்களின் பசையில் சேர்க்கப்படும் பைன் மரப் பிசின், வேறு சிலவற்றில் உள்ள அக்ரிலேட் என்னும் செயற்கைப் பசை, பிளாஸ்டர் நன்றாகப் பிடிப்பதற்காகத் தடவும் பென்சாயின் டிங்சர், சில சமயம் புண்ணுக்குப் போடும் நியோமைசின் என்னும் கிருமிக்கொல்லிக் களிம்பு ஆகிய எதுவும் காரணமாகலாம். தையலுக்குப் பதிலாகத் தோலை ஒட்டப் பயன்படுத்தும் மருத்துவப் பசையும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மூன்றாவது வகை இழுவையால் வருவது. பிளாஸ்டரை இழுத்துப் பிடித்து ஒட்டும்போது, அறுவைக்குப் பின் வயிறோ மூட்டோ வீங்குவதால், ஓரங்களில் தோல் இழுபட்டுக் கொப்புளிக்கும். முழங்கால், இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதைப் பெரும்பாலும் ஒவ்வாமை என்றே எண்ணிவிடுகிறார்கள்.

இது அற்பமான செய்தி அன்று என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். 2013-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் புண் பராமரிப்பு வல்லுநர்கள் வெளியிட்ட கூட்டறிக்கையில், பிளாஸ்டரை எடுத்து 30 நிமிடங்களுக்குப் பிறகும் சிவப்போ கொப்புளமோ கிழிசலோ நீடித்தால் அதைத் தனியொரு தோல் காயமாகவே கருத வேண்டும் என்று வரையறுத்தனர். முதியவர்கள், பச்சிளங் குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோரின் தோல் எளிதில் உரியக்கூடியது. நம் மாவட்டத்துக் கோடையில், ஓட்டு வீட்டுக்குள் வியர்த்துக்கொண்டு படுத்திருப்பவர்களின் நிலையையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

எடுக்கும் முறையை மருத்துவர் தம் கையாலேயே செய்து காட்டினார். ஓரத்தை மெல்லத் தளர்த்தி, ஒரு கை விரலால் அருகிலுள்ள தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டரை மேல்நோக்கித் தூக்காமல் தோலோடு படிந்தவாறே பின்னோக்கி மடித்து, முடி வளர்ந்திருக்கும் திசையில் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பசையை இளக்கிக்கொள்ளலாம். சிலிக்கோன் கலந்த பசை நீக்கும் திரவமும் கிடைக்கிறது. தேங்காய் எண்ணெயும் பசையை இளக்கும் என்பது உண்மைதான். ஆனால் தையல் அருகே அதைக் கொண்டுபோகக் கூடாது, எண்ணெய்ப் பசை இருக்கும் தோலில் அடுத்த பிளாஸ்டர் பிடிக்கவும் பிடிக்காது. ஒட்டும்போது ஸ்பிரிட் முழுவதும் உலர்ந்த பின்னரே, இழுக்காமல், நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தடவி ஒட்ட வேண்டும். மஞ்சள் தூள், திருநீறு, பவுடர் ஆகியவற்றை உரிந்த தோலில் போடும் வழக்கத்தை நாம் அறவே விட்டுவிட வேண்டும்.

மாற்று வழிகள் இல்லாமலும் இல்லை. காகிதத்தால் ஆன மைக்ரோபோர் பிளாஸ்டர் பலருக்கு வெள்ளைத் துணி பிளாஸ்டரைவிட மென்மையாக இருக்கிறது. ஆனால் அதிலும் அக்ரிலேட் பசை உண்டு என்பதால் எல்லாருக்கும் பொருந்தாது. சிலிக்கோன் பிளாஸ்டர் விலை கூடுதல். எனினும் அக்ரிலேட் பசையைப்போல் நேரம் ஆக ஆக இறுகாமல், தோலை இழுக்காமல் பிரிந்து வரும். கை கால்களில் என்றால் பிளாஸ்டரே இல்லாமல் பஞ்சும் கட்டுத்துணியும் வைத்துச் சுற்றிக் கட்டிவிடலாம், அல்லது குழாய் வடிவ வலைத்துணியை மாட்டிவிடலாம். என் தாயாருக்கு வயிற்றைச் சுற்றி மென்மையான பருத்தித் துணியாலான கட்டுதான் இறுதியில் நிம்மதி தந்தது. எதை மாற்றுவதானாலும் அறுவை சிகிச்சை செய்த மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். காய்ச்சல், சீழ், துர்நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலி, பரவும் சிவப்பு ஆகியவை தோன்றினால் பிளாஸ்டர் அரிப்புதான் என்று எண்ணிக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

என் வேண்டுகோள், இந்தத் துன்பத்தை மருத்துவமனைகள் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பதே. அறுவைக்கு முன் மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறார்கள். பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளுமா என்று எங்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முன்பு ஒருமுறை கையில் ஊசி குத்திப் பிளாஸ்டர் ஒட்டிய இடத்தில் தடித்தது என்று அம்மா அப்போது சொல்லியிருப்பார். சந்தேகம் உள்ளவர்களுக்கு, முறையான ஒட்டுப் பரிசோதனையைத் தோல் மருத்துவர்கள் செய்கிறார்கள். பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, ஓரிரு நாட்களில் மீண்டும் பார்ப்பார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வந்துவிட்ட இந்நாளில் இதற்காகச் சேலத்துக்கோ பெங்களூருவுக்கோ அலைய வேண்டிய நிலை இருக்கக் கூடாது. ஒத்துக்கொள்ளாத பொருளின் பெயரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியாக எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அது நோயாளியைக் காக்கும்.

வீடு தேடி மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் கிராமங்களுக்கு வரும் பணியாளர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் பிளாஸ்டரைப் பிரிக்கும் முறையையும், எரிச்சலையும் ஒவ்வாமையையும் பிரித்தறியும் அடையாளங்களையும் கற்றுக் கொடுக்க மாவட்ட நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டு மாற்றும் அறைகளின் சுவரில், “பிளாஸ்டர் ஒட்டிய இடத்தில் அரித்தால் தயங்காமல் சொல்லுங்கள்” என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பகுதிகளில் தெலுங்கிலும் கன்னடத்திலும் அவ்வாறே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.