துணை மானியமும் கடலை மிட்டாயும்

அலெக்ஸாண்ட்ரியா, வர்ஜீனியா
27-5-2007, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கு எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உங்கள் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதாததற்கு நீங்கள் திட்டவில்லை, "கை வலி தேவலையா?" என்று மட்டும் கேட்டிருந்தீர்கள். எனக்குக் கை வலி ஏதும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். அதிலும் அம்மா "சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே" என்று கேட்டு முடிப்பதற்குள் கார்டில் நிமிஷம் தீர்ந்துவிடுகிறது.

ஈராக் சண்டை பற்றி நீங்கள் கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். "அங்கே எதிர்க்கட்சியான டெமாக்ரட்டுகள் இரண்டு சபையிலும் ஜெயித்தாச்சு. பணம் கொடுக்காவிட்டால் படை தானாகத் திரும்பி வரும். நாலு மாசமாக என்னத்தைக் கிழிக்கிறார்கள்?" முப்பது வருஷம் சார்நிலைக் கருவூலத்தில் பில் பாஸ் பண்ணியவர் இப்படித்தான் கேட்பீர்கள். அதனால் நானும் கணக்காகவே சொல்கிறேன்.

நம் சட்டசபையில் மானியத்தைக் குறைக்கச் சொல்லும் ஒரு வெட்டுத் தீர்மானம் ஜெயித்தாலே அரசாங்கம் கவிழும். இங்கே அந்த வழி கிடையாது. காங்கிரஸ் (இங்கே நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர்) எத்தனை தீர்மானம் போட்டாலும் 2009 ஜனவரி வரை புஷ்தான் ஜனாதிபதி, படைக்குத் தலைமையும் அவர்தான். காங்கிரஸ் கையில் இருப்பது பணப்பெட்டிச் சாவி மட்டும். தரைப்படை திரட்டிப் பராமரிக்க ஒதுக்கும் பணம் இரண்டு வருஷத்துக்கு மேல் செல்லாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு இதை எழுதியவர்கள் ராஜாக்களின் படையைப் பார்த்துப் பயந்தவர்கள்.

சாவி இருந்தும் ஏன் திறக்கவோ பூட்டவோ முடியவில்லை என்றால், இந்தச் சண்டைக்கான பணம் முதன்மை பட்ஜெட்டில் வருவதே இல்லை. இவர்களுடைய நிதியாண்டு அக்டோபர் 1-ல் ஆரம்பம். போன செப்டம்பரில் 70 பில்லியன் டாலர் முன்பணம் மாதிரி கொடுத்தார்கள். அது பாதி வருஷத்துக்குத்தான் காணும் என்று கொடுக்கும்போதே தெரியும். மிச்சத்துக்குப் பிப்ரவரியில் புஷ் ஏறக்குறைய 100 பில்லியன் கேட்டார். நம் பாஷையில் துணை மானியக் கோரிக்கை, பட்ஜெட்டுக்கு மேல் கூடுதலாகக் கேட்பது. "அவசரச் செலவு" என்று முத்திரை குத்திவிட்டால் செலவு உச்சவரம்புக்குள் அது வராது. நாலு வருஷமாக நடக்கிற சண்டையை இன்னும் திடீர்ச் செலவு என்றே எழுதுகிறார்கள். நம்மூர் தணிக்கையில் இது ஒரு ஆட்சேபணைப் பாரா ஆகியிருக்கும்.

எதிர்க்கட்சிக்காரர்கள் பணத்தை மறுக்கவில்லை. கூடவே படையைத் திருப்பி அழைக்க ஒரு கெடுவைச் சேர்த்துக் கட்டினார்கள். கீழவையான பிரதிநிதிகள் சபை மார்ச் 23-ல் 218-க்கு 212 என்று நிறைவேற்றியது. மேலவையான செனட் ஆறு நாள் கழித்து வேறொரு தேதி போட்டு நிறைவேற்றியது. இரண்டையும் ஒட்டவைத்து 124 பில்லியனுக்கு ஒரே மசோதா ஆக்கினார்கள். அக்டோபர் 1-க்குள் படையைத் திருப்பி அழைக்க ஆரம்பிக்க வேண்டும், ஆறு மாசத்தில் முடிப்பது இலக்கு. "இலக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள், கட்டாயம் இல்லை. அதிலும் ஈராக் படைக்குப் பயிற்சி கொடுக்க, அமெரிக்கர்களைப் பாதுகாக்க, அல் கொய்தாவைத் தேட என்று ஒரு பகுதி அங்கேயே இருக்கலாம். அந்தப் பகுதி எத்தனை ஆயிரம் என்று எங்கேயும் போடவில்லை. ரசீதில் தொகை எழுதாமல் கையெழுத்து வாங்குகிற மாதிரி.

ஓட்டு சேர்ப்பதற்காக மசோதாவுக்குள் வேறு சாமான்களையும் ஏற்றினார்கள். கீழவையின் முதல் மசோதாவில் கீரை பயிரிட்டவர்களுக்கு 25 மில்லியன் டாலர், நிலக்கடலை கிடங்குக்கு 74 மில்லியன். கீரைக்கு எதற்கு என்றால், போன செப்டம்பரில் கலிபோர்னியாக் கீரையில் கிருமி வந்து நாடு முழுக்கக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புஷ் கட்சிக்காரர்கள் "சண்டைக்கும் கடலைக்கும் என்ன சம்பந்தம்" என்று வாரக்கணக்காகக் கேலி செய்தார்கள். சித்தப்பாவிடம் சொல்லுங்கள், கடலைக்காக இவ்வளவு பெரிய சபை கூடிப் பேசிய ஒரே ஊர் இதுவாகத்தான் இருக்கும்.

மே 1-ம் தேதி புஷ் அந்த மசோதாவை நிராகரித்து வீட்டோ போட்டார். 2003-ல் அதே மே 1-ல்தான் "வேலை முடிந்தது" என்ற பேனர் தொங்கிய கப்பலில் நின்று பேசினார். ஈராக்கில் மகனை இழந்த ஒரு தகப்பனார் கொடுத்த பேனாவால் வீட்டோவில் கையெழுத்துப் போட்டார் என்று டிவியில் காட்டினார்கள். வீட்டோவைத் தாண்ட மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். மறுநாள் கீழவையில் 425 பேர் ஓட்டுப் போட்டார்கள், தேவை 284, கிடைத்தது 222. செனட்டில் இன்னும் மோசம். அங்கே விவாதத்தை முடித்துவைக்கவே 60 ஓட்டு வேண்டும், இவர்களிடம் இருப்பதோ பெயருக்கு 51. அதில் ஒருவர் மூளையில் ரத்தக்கசிவு வந்து படுத்திருக்கிறார், இன்னொருவர் சண்டைக்கு ஆதரவு. பணத்தையே வெட்டலாம் என்ற தீர்மானம் 16-ம் தேதி வந்தபோது ஆதரவு 29 பேர்தான்.

கடைசியில் போன வியாழக்கிழமை கெடு இல்லாமலே பணம் கொடுத்துவிட்டார்கள். கீழவையில் 280-142, செனட்டில் 80-14. வெள்ளிக்கிழமை கையெழுத்தும் ஆகிவிட்டது. அதில் ஒரு சாமர்த்தியம் பாருங்கள். மசோதாவை இரண்டு துண்டாக்கித் தனித்தனியே ஓட்டு விட்டார்கள். சண்டைப் பணத்துக்கு எதிர்க்கட்சியில் 140 பேர் "வேண்டாம்", 86 பேர் "சரி". சபாநாயகர் பெலோசியும் வேண்டாம் என்றுதான் போட்டார். ஆனால் அதை ஓட்டுக்கு விட்டதே அவர்தான். கூலி உயர்வு இருந்த இன்னொரு துண்டுக்குப் பெரும்பாலோர் கை தூக்கினார்கள். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலரிலிருந்து மூன்று படியாக 7.25 ஆகப் போகிறது.

இப்போது உங்கள் அசல் கேள்வி. மசோதாவை எடுக்காமலே இருந்திருக்கலாமே? அதற்கு மூன்றில் இரண்டு பங்கும் வேண்டாம், 60-ம் வேண்டாம். உண்மைதான். ஆனால் பணம் நின்றால் முதலில் வலிப்பது பாக்தாத்தில் இல்லை. ராணுவம் வருஷச் செலவுக்கான கணக்கில் கை வைத்து, கடைசி மூன்று மாதத்துக்கு வைத்ததை முன்னாலேயே எடுத்துப் போர்முனைக்கு அனுப்பும். உள்ளூர் முகாம்களில் உதிரிபாகம் வாங்குவதை நிறுத்தும், பயிற்சியைக் குறைக்கும். ஏப்ரலிலேயே இதெல்லாம் ஆரம்பித்துவிட்டது. விமானப்படை, கடற்படைச் சம்பளக் கணக்கிலிருந்து 1.6 பில்லியனைத் தரைப்படைப் பக்கம் மாற்றவும் கேட்டார்கள். ஒதுக்கீடு இல்லாமல் செலவுக்கு ஒப்பந்தம் போட்டால் அதிகாரிக்குத் தண்டனை உண்டு, ஆனால் அதிலும் ஒரு சந்து: 1861-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, துணி, சாப்பாடு, தீவனம், எரிபொருள், மருந்து இவற்றைக் கடனாக வாங்கிக்கொள்ளலாம். குதிரைப்படைக் காலத்துத் தீவனச் சட்டம் இன்னும் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது! ஆக முகாமில் இருக்கிற சிப்பாயும் அவன் வீட்டுக்காரியும்தான் முதலில் தவிப்பார்கள். அந்தப் படம் டிவியில் வந்தால் பழி பணத்தை நிறுத்தியவர் தலையில். எங்கள் செனட்டர் ஜிம் வெப் வியட்நாமில் சண்டை போட்டவர், இந்தச் சண்டையை ஆரம்பத்திலிருந்து எதிர்ப்பவர். மகன் ஈராக்கில் இருக்கிறான் என்று அவனுடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டார். அவரே வியாழக்கிழமை "சரி" என்றுதான் போட்டார்.

பணத்தைக் கட்டி நிறுத்திக் காட்டியது 1973-ல். அப்போதும் ஜனாதிபதி நிக்சன் ஜூன் 27-ல் வீட்டோ போட்டார், பிறகு ஆகஸ்ட் 15 என்ற கெடுவுக்கு இறங்கி வந்தார். ஆனால் அதற்குள் தரைப்படை மார்ச்சிலேயே வியட்நாமை விட்டு வந்தாயிற்று, மிச்சம் இருந்தது கம்போடியா மேல் குண்டு போடுவதுதான். சிப்பாய் களத்தில் நிற்கும்போது சம்பளத்தை நிறுத்தித் திருப்பி அழைத்ததாக எனக்குத் தெரிந்து ஒரு கணக்கும் இல்லை. நாமும் 1987-ல் இலங்கைக்கு அமைதிப்படை அனுப்பினோம், நாடாளுமன்றத்தில் ஓட்டா நடந்தது? ஆட்சி மாறிய பிறகுதான் 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்பியது. இங்கேயும் அப்படித்தான் ஆகும் என்று எனக்குப் படுகிறது.

இத்தனை எண்ணும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எதிர்வீட்டுக் கிழவர்தான். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேனே, காலையில் கொடியேற்றி இருட்டினதும் இறக்கி மடித்து வைப்பவர். காது மந்தம், அதனால் சபை நடவடிக்கையைக் காட்டும் சேனல் தெரு முழுக்கக் கேட்கும். நம்மூரில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதுகிற மாதிரி ஓட்டு எண்ணிக்கையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். அந்தக் காலத்தில் வியட்நாமில் லாரி ஓட்டியவர். "வாபஸ் என்றால் பஸ் ஏறி வருவதா? ஒன்றரை லட்சம் பேர், வண்டி வண்டியாகக் குவைத் வரை சாலையில் வரவேண்டும்" என்பார். அங்கே துறைமுகத்தில் ஒவ்வொரு வண்டியையும் பீய்ச்சியடிக்கும் தண்ணீரில் கழுவி, அடிப்பாகத்தில் ஒரு பொட்டு மண்கூட இல்லாமல் சோதித்த பிறகுதான் கப்பலில் ஏற்றுவார்களாம். அந்நிய மண்ணோடு பூச்சி வந்துவிடும் என்று இந்த ஊர் விவசாயத் துறைக்குப் பயம்.

அவர் பேரன் ராணுவத்தில். போன ஜூனில் ஈராக் போனவன், 12 மாசம் முடிந்து அடுத்த மாசம் வரவேண்டியது. ஏப்ரல் 11-ல் அவனைப் போன்றவர்களுக்கு 15 மாசம் என்று ஆக்கிவிட்டார்கள், இனி செப்டம்பர்தான். கிழவர் எந்தக் கட்சி என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மாசம் ஒரு பார்சல் போடுகிறார், உள்ளூர்த் தபால் கட்டணமே போதும். சுங்கப் படிவம் மட்டும் எழுத வேண்டும், அதை நான் எழுதிக் கொடுக்கிறேன். காலுறை ஆறு ஜோடி, ஈரத் துடைப்பான், தண்ணீரில் கலக்கும் பழப்பொடி. சாக்லேட் அங்குள்ள வெயிலில் கூழாகிவிடும் என்று புலம்பினார். இந்தியக் கடையில் கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். வெல்லம் இளகாதா என்று கேட்டார். கையில் ஒன்றை உடைத்துக் காட்டினேன்.

உடைத்த உடனே அந்த வாசனை. மணிக்கூண்டு பக்கத்தில் நீங்கள் சம்பளத்தன்று பொட்டலம் வாங்கி சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வருவீர்களே, அது. அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி வந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கீரை என்றால் இங்கே பாலக்குதான். முளைக்கீரை மசியலுக்கு நாக்கு செத்துக் கிடக்கிறது. வீட்டில் இப்போது நாங்கள் மூன்று பேர், பேச்சுத்துணைக்காகச் சேர்ந்துகொண்டோம். மூவருக்கும் வேறு வேறு ஷிப்ட். நாளைக்கு இங்கே போரில் இறந்தவர்களின் நினைவு நாள், எல்லாவற்றுக்கும் விடுமுறை.

டாலர் 44 ரூபாயிலிருந்து 41-க்கு இறங்கிவிட்டதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இப்போது அனுப்பினால் நஷ்டம். கொஞ்சம் ஏறினதும் இரண்டு மாசத்துக்கும் சேர்த்து அனுப்புகிறேன், வேறொன்றும் இல்லை. போர்செட் மோட்டாருக்கு காயில் கட்டுவதை அதுவரை தள்ள முடியுமா? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து புது ஆற்றில் தண்ணீர் வர எப்படியும் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதற்குள் பணம் வந்துவிடும்.

பட்டா விஷயத்தில் சித்தப்பா சொல்வது சரியில்லை. கூட்டுப் பட்டாவாகவே விட்டால் நாளைக்குத் தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் கேட்டால் பாங்கில் அத்தனை பேர் கையெழுத்தும் கேட்பான். உட்பிரிவுக்கு மனு கொடுத்துவிடுங்கள். சர்வேயர் வரும் நாளில் சித்தப்பாவும் கூட நிற்கட்டும், இல்லையென்றால் பிறகு கல் பிடுங்குவார். திருவாரூர் வரன் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பையன் வேலை நிரந்தரமா, தொகுப்பூதியமா? தங்கச்சி என்ன சொல்கிறாள் என்று அவளையே எனக்குத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

அம்மா முழங்காலுக்கு அந்த எண்ணெயை நிறுத்த வேண்டாம். பெரிய அத்தைக்கு இலவச டிவி வந்துவிட்டதா?

இப்படிக்கு
உங்கள் அன்பு மகன்

பி.கு: பரீட்சைக்குக் கட்டிய பழைய ரசீது ஒன்று இரும்புப் பெட்டியில், நீல உறையில் இருக்கும். பதில் போடும்போது அதன் ஜெராக்ஸ் ஒன்று சேர்த்து அனுப்புங்கள். அசல் வேண்டாம்.